கடைசி அத்தியாயத்தைத் தைத்து வைத்தவர்

சேலத்தில் அச்சகத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். பேருந்து சின்னசேலத்தில் நின்று, ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் தையல் கடைப் பர்வீனிடமிருந்து போன் வந்தது. "சாரே, அக்கா காலையில போயிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம்தான் கேட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரே தொடர்ந்தார்: "சீக்கிரம் வாங்க சாரே. இங்க வந்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்கினு இருக்காங்க. ஒருத்தங்க சக்கரைன்றாங்க, ஒருத்தங்க ஹார்ட்டுன்றாங்க, ஃபேன ஜாஸ்தியா வெச்சிட்டாங்கன்னு எதிர் வூட்டம்மா சொல்லுது. அக்கா எழுந்து உக்காந்து, 'இருங்க இருங்க, ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க'ன்னு கேக்க மாட்டாங்களான்னு இருக்கு."

அழுதுகொண்டே சிரிக்க முடியும் என்பதை அந்த ஜன்னலோர இருக்கையில் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "நல்ல சேதிங்களா, கெட்ட சேதிங்களா?" என்று கேட்டார். "எங்க அக்கா செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு பின் இருக்கைக்குப் போய்விட்டார்.

கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் 'பச்சையம்மாள் லேடீஸ் டெய்லர்' என்ற பலகையை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடையில் ஒரு ரவிக்கையாவது தைத்துப் போட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொன்ன நாளில் அவர் துணி கொடுத்ததில்லை என்பது உங்களுக்கே தெரியும். கொடுத்த துணியில் ஒரு குறை சொல்ல முடியாது என்பதும் தெரியும். ஆனால் உங்கள் ரவிக்கை ஏன் தாமதமானது என்பது சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மின்வெட்டு, மெஷின் கோளாறு, நூல் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதெல்லாம் சும்மா. நாவல்தான் காரணம். அதில் எனக்கும் பங்கு உண்டு, மன்னித்துக்கொள்ளுங்கள்.

பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் மாத நாவல் வந்து தொங்கிய அன்றே அக்கா கடைக்கு ஒன்று வந்துவிடும். துப்பறியும் கதை என்றால் அக்காவுக்கு உயிர். அதிலும் சிரிப்பு கலந்திருந்தால் சாப்பாடு கூட வேண்டாம். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் வேலை செய்தபடியே கேட்பார்கள். பக்கத்து மெஷினில் நைட்டியும் பாவாடையும் தைத்தவர் பர்வீன். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. புத்தகம் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்ததை வாயில் வைத்துக்கொள்ளவும் அவரால் முடியாது. கதை சூடு பிடிக்கும் நேரத்தில், "அட, அந்தக் கம்பவுண்டர்தாங்க்கா" என்று போட்டு உடைத்துவிடுவார். அக்கா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் புதுப் புத்தகம் வந்ததும் அதைப் பிடுங்கி, கடைசி அத்தியாயத்தை மட்டும் சேர்த்துப் பிடித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மெஷினில் வைத்து ஓரம் முழுக்க ஒரு ஓட்டு ஓட்டிவிட்டார். பர்வீன் அப்படியே வாயைப் பிளந்து நின்றாராம்.

அன்றிலிருந்து அது கடையின் சட்டமாகிவிட்டது. புத்தகம் வந்தால் முதல் வேலை, கடைசி அத்தியாயத்தைத் தைப்பது. எல்லோரும் மீதியைப் படித்து முடித்த பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடக்கும். யார் குற்றவாளி, ஏன் என்று ஒவ்வொருவரும் கருத்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் நூலை அறுப்பார். தப்பாகச் சொன்னவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். "எனக்குத் தெரியல" என்ற பதிலை மட்டும் அக்கா ஏற்றுக்கொள்ளவே மாட்டார். "தெரியலன்னு சொல்றதுக்கா இத்தினி பக்கம் படிச்ச? கருத்து சொல்றதுக்குப் படிப்பு வேணாம்மா, வாய் இருந்தா போதும்" என்பார். அளவு கொடுக்க வந்தவர்கள், துணி வாங்க வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லோரும் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் மாட்டிக்கொண்ட கதை வேறு. நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, கிரயமும் அடமானமும் பாகப்பிரிவினையும் எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வு நேரத்தில் ஒரு சிரிப்புத் துப்பறியும் நாவல் எழுதி அனுப்பினேன். மல்லிகா என்ற குடும்பப் பெண், தெருவில் நடந்த ஒரு திருட்டை அவளாகவே துப்பறிந்து கண்டுபிடிப்பதுதான் கதை. பெண் துப்பறியும் கதைக்குப் பெண் பெயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என் மனைவி காமாட்சியின் பெயரில் அனுப்பியிருந்தேன். நாவல் வெளிவந்த சில நாளில், காமாட்சியின் ரவிக்கையை வாங்கி வருவதற்காக அக்கா கடைக்குப் போனேன். அதற்கு முன் அந்தக் கடைப் படியை நான் மிதித்ததில்லை. வாசலில் நிற்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். மல்லிகா என்ற பெயர் காதில் விழுந்தது. என் காலுக்குக் கீழே தரை இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் கதையை யாரோ படித்துவிட்டுப் பேசுகிறார்கள்!

"இது இன்னாடி கதையா, கிரயப் பத்திரமா?" என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "மல்லிகா வூட்டுக்கு வடக்கால இன்னா இருக்குது, தெக்கால இன்னா இருக்குதுன்னே ரெண்டு பக்கம் போவுது. திருடன் எப்ப வருவான்னு பாத்தா, அவனுக்கும் நான்கு எல்லை சொல்றாங்க."

கருணாபுரத்திலிருந்து வந்து கொக்கி வைத்துக்கொண்டிருந்த செல்வி நிமிராமலே சொன்னார்: "அத வுடுங்க்கா. அந்தப் பொம்பள நாலு நாளா தெருத்தெருவா துப்பறிஞ்சிக்கினு திரியுது. வூட்ல புருஷன் இருக்கான், ரெண்டு புள்ளைங்க இருக்குது. அதுங்க இன்னா சாப்டுச்சிங்க? ஒரு குடம் தண்ணி புடிக்கல, ஒரு துணி தோய்க்கல. எழுதனது ஆம்பளதான், எழுதி வெச்சிக்கோங்க."

"போடி" என்றார் அக்கா. "பேரு காமாட்சின்னு கொட்ட எழுத்துல போட்டிருக்குது. நான் சொல்றேன் கேளு. இது கல்யாணம் ஆவாத பொண்ணு. ஹாஸ்டல்ல சாப்புடுது. அதான் சோறு தானா வருதுன்னு நெனச்சிக்கினு இருக்குது." இப்படிச் சொல்லிவிட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "இன்னாங்க சார், யாரு பேர்ல ஜாக்கெட்டு?" என்று கேட்டார்.

"காமாட்சி" என்றேன்.

கடையில் இரண்டு மெஷினும் நின்றுவிட்டன. பர்வீன் புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அவங்களா சார் இத எழுதனாங்க?" என்றார் அக்கா. பேர் அவளுடையது, எழுதியது நான் என்று சொல்லி முடிப்பதற்குள் செல்வி தரையில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அக்கா அசரவில்லை. "அதனால இன்னா? ஹாஸ்டல் பொண்ணு எழுதனா எப்பிடி இருக்குமோ அப்பிடித்தானே எழுதியிருக்க?" என்றார். வந்தபோது கிடைத்த 'நீங்க' அந்த இடத்திலேயே போய்விட்டது. பெயரும் மாறி, அன்றிலிருந்து நான் 'ரைட்டரு' ஆனேன்.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய்க் காமாட்சியிடம் புலம்பினேன். "நாலு நாளும் மல்லிகா சமைக்கலன்னு நீயாவது சொல்லியிருக்கலாமே" என்றேன். "நான் அன்னைக்கெல்லாம் சமைச்சிக்கினு இருந்தேன், எங்க படிக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடுத்த நாவலில் மல்லிகா ரேஷன் கடை வரிசையில் நின்றபடி சாட்சிகளை விசாரித்தாள். குழம்பு கொதிக்கும் நேரத்துக்குள் அடுத்த தெருவுக்கு ஓடிப்போய்த் தடயம் பார்த்துவிட்டு, குழம்பு அடிபிடிப்பதற்குள் ஓடிவந்தாள். அந்த ஓட்டத்தைப் படித்துத்தான் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா அந்த நாவலை மூடிவைத்துவிட்டுச் சொன்னதை இன்றும் எழுத உட்காரும்போது நினைத்துக்கொள்கிறேன்: "புக்குல ஆளு சாவலாம் ரைட்டரே, அடுப்பு மட்டும் அணையக் கூடாது."

அதன் பிறகு என் நாவல்களுக்குச் சனிக்கிழமைக் கூட்டத்தில் எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஒரே நிபந்தனை, எழுதியவன் வாயைத் திறக்கக் கூடாது. என்ன கருத்து வந்தாலும் ஊமையாக உட்கார்ந்திருக்க வேண்டும். நான் கேட்ட கருத்துகளை எல்லாம் எந்தப் பத்திரிகையும் போடாது. அளவு கொடுக்க வந்த ஒரு பேங்க் அம்மா, "மல்லிகாவோட புருஷன் அவளை எங்க போறன்னு ஒரு வார்த்தை கேக்கறதில்லையே, இப்படி ஒரு புருஷன் எந்த ஊர்ல இருக்கான்? மல்லிகா மொதல்ல அதைத் துப்பறிஞ்சு சொல்லட்டும்" என்றார். இன்னொருவர், மல்லிகா என்பது தன் நாத்தனார்தான் என்றும், நாத்தனாரை இவ்வளவு புத்திசாலியாகக் காட்டியது அநியாயம் என்றும் என்னிடம் சண்டைக்கு வந்தார். எல்லாக் கருத்துக்கும் அக்கா தலைமை தாங்கினார். கடைசியில் தன் கருத்தைச் சொல்வார். அது தப்பாக இருக்கும்.

இது மிகையில்லை. மெஷின் மிதித்த காலம் முழுக்க, என் நாவலானாலும் மற்றவர்கள் நாவலானாலும், அக்கா குற்றவாளியைச் சரியாகச் சொன்னதே இல்லை. செல்வி பாதிக்கு மேல் சரியாகச் சொல்வார். பர்வீன் குருட்டாம்போக்கில் சொல்லியே சில முறை ஜெயித்திருக்கிறார். எதிரே டீக்கடை பாய், சனிக்கிழமை சாயங்காலம் அக்கா படியிறங்கி வந்தாலே, "இன்னாக்கா, இன்னிக்கும் தப்பா?" என்று கேட்டுக்கொண்டே பாலை அடுப்பில் வைப்பார். காரணம் எனக்குத் தெரியும். கதையில் வருகிறவர்கள்மீது அக்காவுக்குப் பாசம் வந்துவிடும். பாசம் வந்த ஆளைக் குற்றவாளி என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது.

ஒரு கிளி ஜோசியரின் கிளி காணாமல் போவதாக ஒரு நாவல் எழுதியிருந்தேன். ஜோசியர் கிளிக்கு நெய்ச்சோறு ஊட்டுவார், மனைவிக்குப் பழையது. அந்த மனைவிதான் கிளியைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டிருப்பாள். அக்கா ஒரே பிடியாக நின்றார். "அந்தப் பொம்பளயா? தினமும் கிளிக்கு அவதானே தண்ணி வெக்கிறா. முழங்கால் வலியோட கூண்டத் தொடைக்கிறா. அவ எடுக்க மாட்டா. அந்த ரைஸ்மில் மேனேஜர்தான் எடுத்தான்."

"அவன் ஏங்க்கா கிளிய எடுக்கறான்?" என்று கேட்டார் செல்வி.

"சட்டைய பாத்தியா? காலைலயும் மடிப்பு கலையல, சாயங்காலமும் கலையல. வேல செய்யறவன் சட்டையாடி அது?"

நூலை அறுத்துப் படித்ததும் அக்கா புத்தகத்தை என்னிடம் நீட்டி, "தப்பா அச்சடிச்சிட்டாங்க பாரு" என்றார். பிறகு பாய் கடைக்குப் போனார்.

அந்தக் கிளி நாவல் கல்வராயன் மலைக்குப் போனதுதான் பெரிய வேடிக்கை. வெள்ளிமலைச் சந்தைக்கு அக்கா ரெடிமேட் பாவாடைகளும் ரவிக்கைகளும் கொண்டுபோய் விற்பதுண்டு. அங்கே சாமையும் தேனும் விற்கும் சின்னப்பொண்ணு என்ற அம்மாள் அக்காவுக்குச் சிநேகிதி. ஊரில் பெண்கள் சேர்ந்து படிக்க ஏதாவது வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். அக்கா கடைச் சட்டப்படி வேறொரு பிரதியின் கடைசி அத்தியாயத்தைத் தைத்துக் கொடுத்தார். ஆனால் எல்லோரும் கருத்துச் சொன்ன பிறகு நூலை அறுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல மறந்துவிட்டார். அடுத்த சந்தைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார், வளைவு முடிந்ததும் எடுத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வார். "மலையில இன்னா கருத்து சொல்றாங்கன்னு நீயே உன் காதால கேளு. அங்கயாவது நாலு பேரு அந்த மேனேஜரத்தான் சொல்லுவாங்க" என்றார்.

சின்னப்பொண்ணு துணியில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். தையல் போட்டபடியே இருந்தது.

"ஏம்மா, நூல அறுக்கலையா?" என்றார் அக்கா திகைத்துப்போய்.

"தெச்சத ஏன் அறுக்கணும்? நீ பாடுபட்டுத் தெச்சிருக்க" என்றார் சின்னப்பொண்ணு.

"முடிவு அதுலதானே இருக்குது!"

"முடிவுக்கு இன்னா? கிளிய எடுத்தது ஜோசியன் பொண்டாட்டி. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அப்புறம் அதப் பிரிச்சி எதுக்குப் பாக்கணும்?"

நான் சட்டத்தை மறந்து வாயைத் திறந்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கிளி காணோம்னு ஊரே தேடுது. அவ மட்டும் அன்னிக்கி மத்தியானம் நல்லா தூங்கறா. அத்தினி நாளு தூங்காதவ அன்னிக்கி ஏன் தூங்கறா?" என்றார். "எங்க பொம்பளைங்க எல்லாம் அவ பக்கம்தான். கிளிக்கு நெய்ச்சோறு, கட்டினவளுக்குப் பழைய சோறா? நாங்களா இருந்தா கிளிய வுட்டுட்டு அந்த ஜோசியன ஒளிச்சி வெச்சிருப்போம்." சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

இறங்கும்போது அக்கா எலுமிச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார், மூக்குக்குக் கொண்டுபோகவே இல்லை. ஊர் நெருங்கும்போது, "ஒரு மலையே சரியா சொல்லிடுச்சி ரைட்டரே. நான் ஒருத்திதான் தப்பு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு வழக்கமான சிரிப்பு இல்லை. "ஒரு வாட்டியாவது கரெக்டா சொல்லாம நான் சாவ மாட்டேன், பாத்துக்கினே இரு" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். அவருக்கு அது விளையாட்டு இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

காலம் ஓடியது. மாத நாவல்கள் குறைந்தன. அக்காவுக்குச் சர்க்கரை ஏறியது, கால் வீங்கியது, பிறகு இதயமும் மக்கர் செய்தது. மெஷினைப் பர்வீனிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டிலோடு தங்கிவிட்டார். இந்த வருடம் நான் புதிதாக ஒரு மல்லிகா நாவல் எழுதிக்கொண்டிருந்தபோது, செல்வி என் அலுவலகத்துக்கு வந்தார். "அக்கா இப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் சார் சொல்லிக்கினு இருக்காங்க. எல்லாரும் சரியா சொல்லிட்டாங்க, நான் மட்டும் தோத்துக்கினே போறேன்னு. நீங்கதானே எழுதறீங்க. அக்கா யார சொல்றாங்களோ அவனையே புடிச்சிக் குடுத்துட்டா இன்னா?" என்றார்.

எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அவருக்காக இதைக்கூடச் செய்யவில்லை என்றால் நான் என்ன எழுத்தாளன்? கதை இதுதான். மணலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். விருந்துக்குப் போன மல்லிகாவைக் காய் நறுக்க உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் முகூர்த்தப் பட்டுப்புடவை காணாமல் போகிறது. நான் முதலில் எழுதிய முடிவில், புடவையை ஒளித்துவைத்தது கல்யாணப் பெண்ணேதான். அந்தப் புடவைக்கு அவளுடைய சித்தி ஆசையாகத் தைத்துக் கொடுத்த ரவிக்கை, கை சேரும் கைக்குழியில் இறுக்கிப் பிடிக்கிறது. சித்தி மனம் நோகுமே என்று அதைச் சொல்ல முடியாமல், புடவையே இல்லை என்றால் அந்த ரவிக்கையும் வேண்டாம் அல்லவா என்று ஒளித்துவிடுகிறாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மற்றதைத் தாளாகவே பர்வீனிடம் கொடுத்தேன். அவர் தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். நடுநடுவே, "உங்களுக்கு யாரு மேலக்கா சந்தேகம்?" என்று விசாரித்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் என்று அக்கா அடித்துச் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. பட்டுச் சட்டையும் மோதிரமுமாக அதிகாரம் செய்கிற ஆள். அக்கா வேறு யாரைச் சொல்வார்? தாய்மாமனே திருடன் என்று வேறு கடைசி அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். பர்வீன் அதைத் தைத்து வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். செல்வி கல்யாணப் பெண்தான் என்றார். பர்வீன் தாய்மாமன் என்று முணுமுணுத்தார். அக்கா தலையணையைச் சரிசெய்து, சாய்ந்து உட்கார்ந்தார். இதோ ஜெயிக்கப்போகிறார் என்று ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அந்தப் பொண்ணு மருதாணி வெக்கும்போது கைய தூக்கல. மாலை மாத்தறது எப்பிடின்னு காட்டச் சொன்னாங்க, அப்பவும் தூக்கல. கைக்குழி புடிக்குது. இது தையக்காரிக்குத் தெரியாதா?" என்றார். "அதனால புடவைய ஒளிச்சது அந்தப் பொண்ணுதான். மொதல்ல நான் மாமன்னுதான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். இந்த வாட்டி பர்வீனு இன்னாத்துக்கு என்ன யாரு யாருன்னு கேட்டுக்கினே இருக்கா? கடைசிப் பக்கத்தப் பாக்காம இருக்கவே முடியாதவ, நேத்து இதத் தெச்சா. ஒரு வாட்டி கூட எட்டிப் பாக்கல. ஏன் பாக்கல? உள்ள இன்னா இருக்குதுன்னு அவளுக்கு முன்னாடியே தெரியும்." தைத்த தாள்களை எடுத்து மற்றதன்மேல் வைத்தார். "இதெல்லாம் பழுப்பு. இது மட்டும் வெள்ள வெளேர்னு புதுத் தாளு. முடிவ மாத்தி எழுதியிருக்காங்க. எனக்கு எதாச்சும் இனாமா குடுக்கணும்னா இந்த ஊர்ல யாருக்குத் தோணும்?"

விரலை என் பக்கம் நீட்டினார். "இந்த புக்குல குற்றவாளி நீதான்யா, ரைட்டரே. வாயத் தொற. இன்னிக்கி உனக்கு மட்டும் விலக்கு."

நான் ஒத்துக்கொண்டேன். வேறு என்ன செய்வது? செல்வி விசில் அடித்தார். பர்வீன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக இருந்தார். ஆனால் அக்கா என்னைச் சும்மா விடவில்லை. "எனக்கு இரக்கப்பட்டியா? தப்பாவே சொன்னாலும் அது என் கருத்துய்யா. தோத்துப் பழக்கம் எனக்கு. இனாமா ஜெயிச்சிப் பழக்கமில்ல. பழைய முடிவு எங்க?" என்றார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பர்வீன் படித்தார். சித்தியிடம் ரவிக்கையைப் பற்றிச் சொல்லும் வேலை மல்லிகா தலையில் விழும் இடம் வந்ததும், அக்கா இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார். "அந்தச் சித்தி நான்தானே? கைக்குழிய நான் என்னைக்குடா கம்மியா வெட்டனேன்?" என்று என் முதுகில் ஒரு அடி போட்டார். உடம்பு முடியாதவர் அடி மாதிரி இல்லை.

எல்லோரும் கிளம்பும்போது என்னை மட்டும் நிறுத்தினார். முகம் பூரித்துப்போயிருந்தது. "நான் போனப்புறம் எதாச்சும் எழுதச் சொல்லி உன்னத்தான் கேப்பாங்க. நல்லவ, உழைப்பாளின்னு எல்லாருக்கும் எழுதறத எனக்கு எழுதாத. பச்சையம்மா ஒரு வாட்டி கரெக்டா சொன்னான்னு எழுது. அது போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை. பர்வீனின் போன் வந்த அன்று நான் சேலத்துக்குப் போனதே, அந்தப் பழைய முடிவோடு நாவலை அச்சுக்குக் கொடுக்கத்தான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு பயம்தான். இனி எந்த வரி எழுதினாலும், கதைக்காக எழுதுகிறேனா, யார் மனதையாவது குளிர்விக்க எழுதுகிறேனா என்று கட்டிலில் சாய்ந்தபடி அவர் கேட்பார். இந்த அஞ்சலியை எழுதும்போதும் கேட்கிறார். அதனால் அவர் நல்லவர் என்று எழுதவில்லை. உழைப்பாளி என்றும் எழுதவில்லை. சொன்ன நாளில் துணி கொடுக்காதவர் என்று எழுதிவிட்டேன். வாழ்நாள் முழுக்கத் தப்புத் தப்பாகக் கருத்துச் சொன்னவர் என்றும் எழுதிவிட்டேன்.

பச்சையம்மாள் அக்கா ஒரு முறை சரியாகச் சொன்னார். பிடிபட்டவனே எழுதுகிறேன், இதைவிட என்ன சாட்சி வேண்டும்?